வெளிச் சத்தம் கேட்கிற ஹெட்போன்

பதுளைக் கடைவீதியில் நான் கேட்டது ஒரே ஒரு பொருள்தான். காதில் மாட்டிக்கொண்டால் கம்ப்யூட்டரின் சத்தமும் கேட்க வேண்டும், வீட்டுக்குள் நடக்கிற சத்தமும் கேட்க வேண்டும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிடுவார்.

"தங்கச்சி, இத மாட்டிக்கிட்டீங்கன்னா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது."

"இடி விழுந்தா எனக்குக் கேக்கணும் அண்ணே. அதத்தானே சொல்றேன்."

அவர் சிரிப்பார். நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. அதைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைப்பார். பிறகு, எல்லாக் கடைக்காரர்களும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்பார்: "யாருக்குங்க, தம்பிக்கா?"

எனக்குத் தம்பி கிடையாது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவள் நான்தான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூட ஆசிரியை, வயது இருபத்தேழு, வாரம் ஐந்து நாளும் சேலை கட்டிக்கொண்டு பின்னங்கள் சொல்லிக்கொடுக்கிறவள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்துவிட்டு, இடிந்துபோன ஒரு நகரத்துக்குள் துப்பாக்கியோடு பதுங்கிப் பதுங்கிப் போகிறவள். இதில் மற்றவர்களுக்கு அப்படி என்ன ஆச்சரியம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இது இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பதுளையில் ஒருவர் பாவித்துவிட்டு விற்ற கம்ப்யூட்டரை வாங்கி வந்தேன். அம்மா அதற்கு ஒரே வாரத்தில் பூப்போட்ட உறை தைத்துப் போட்டுவிட்டார். அதைக் கழற்றி நான்காக மடித்து வைக்காமல் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. லயத்து அறையான காம்பராவில் பிளக் இருந்தது ஒரே இடத்தில், வாசல் பக்கத்துச் சுவரில். அதனால் மேசையும் அங்கேதான். நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், அப்பாவின் கட்டில் என் முதுகுக்குப் பின்னால்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பெரட்டு மணி அடித்தவர் அவர். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற களத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதில் இரும்புக் கம்பியால் அவர் அடிக்கிற அடி பள்ளத்து லயங்கள்வரைக்கும் கேட்கும். பனி மூடிக் கிடக்கிற காலையில்கூட ஒருத்தரும் "மணி கேக்கல" என்று சாக்குச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் குளிக்கும் இடத்தில் விழுந்தார். வலது கையும் காலும் வராமல் போயின, பேச்சும் போயிற்று. சொல்கிறதெல்லாம் அவருக்கு விளங்கும். பதில் சொல்லத்தான் முடியாது. இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும் வைத்தோம். ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் போத்தல் வேண்டும், ஒன்றுக்குப் போக. எங்கள் மூவருக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான்.

காலையில் அம்மா அவரோடு இருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், லயத்துக்குக் கீழே இருக்கிற எங்கள் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விடுவார். கோவாவும் பீன்ஸும் போட்டிருந்தார். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அப்பா என் பொறுப்பு. அந்த மூன்று மணி நேரம்தான் எனக்கென்று இருந்த நேரமும். அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்பாவுக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு முடித்த பிறகு, எனக்கு வேறோர் ஊரில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்போல் இருந்தது. அது எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை, இடிந்த ஊராக இருந்தாலும்.

முதலில் ஸ்பீக்கர் வைத்துத்தான் விளையாடினேன். பக்கத்துக் காம்பராக்காரர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை செய்கிறவர். பகலில்தான் தூங்குவார். லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போகாது என்பது லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு முழ இடைவெளி. அந்த வழியாக இருமலும் போகும், தாளிப்பு வாசனையும் போகும், சண்டையும் போகும். என் துப்பாக்கிச் சத்தமும் போயிற்று.

"டீச்சர்," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "கோவிச்சுக்காதீங்க. ராவெல்லாம் மெசின் சத்தம். பகல்லயும் சுடாதீங்க."

அவருக்குக் காது அப்படி. பூனை நடந்தாலும் எழுந்துவிடுவார். அப்பா ஒரு தடவை டம்ளரைத் தட்டினாலே, "டீச்சர், அப்பா கூப்புடுறாரு" என்று தூக்கக் கலக்கத்தோடு சுவருக்கு மேலாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். நல்ல மனிதர். அவரிடம் சண்டை போட ஒன்றும் இல்லாததுதான் எரிச்சல்.

அதனால் லுணுகலையில் ஒரு ஹெட்போன் வாங்கினேன். மெத்தென்ற இரண்டு பெரிய கிண்ணங்கள் காதை முழுதாக மூடும். மாட்டியதும் உலகம் அப்படியே ஒழிந்தது. மழை தகரத்தில் விழுவது இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தை இல்லை, கோழி இல்லை. எதிரியின் காலடிச் சத்தம் பின்னாலிருந்து வருகிறதா, இடதுபுறப் படிக்கட்டிலிருந்து வருகிறதா என்று துல்லியமாகத் தெரிந்தது. ஒரு வாரம் ராணி மாதிரி இருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள், முதுகுக்குப் பின்னால் அப்பா கட்டிலிலிருந்து கீழே விழுந்து கிடந்ததை, அம்மா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கும்வரை நான் அறியவில்லை. அம்மா கோவாக் கூடையோடு வாசலில் நின்று கத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை. அப்பா பாதி உடம்பு தரையிலும் பாதி கட்டில் காலிலுமாகச் சரிந்து கிடந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்த அப்பன் கீழ கெடக்குறாரு, நீ காதுல ரெண்டு தேங்காச் செரட்டைய மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியேடி! எத்தன தரம் தட்டுனாரோ மனுசன், கை வலிக்க வலிக்க!"

அவர் எத்தனை தரம் தட்டியிருப்பார் என்ற அந்த எண்ணம் அன்று எனக்குள் புகுந்ததுதான், பிறகு மாதக்கணக்கில் வெளியே போகவில்லை. பாடம் நடத்தும்போது ஒரு பிள்ளை பென்சிலால் மேசையில் தட்டினால்கூட நான் திரும்பிப் பார்ப்பேன். பள்ளத்து லயங்கள்வரைக்கும் கேட்கிற மாதிரி மணி அடித்த மனிதர், ஆறடி தூரத்தில் இருக்கிற மகளுக்குக் கேட்காமல் தட்டிக்கொண்டிருந்தார் என்றால், அந்த மகளை என்ன செய்வது?

கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார். விற்றிருக்கலாம். நான் விற்கவில்லை. அதற்காக இப்போதும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்து டாக்டர் அப்பாவைப் பார்க்க வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், பாட்டுப் பைத்தியம். அவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் பார்வை அப்பாமேல் போகவில்லை. மேசைமேல் கிடந்த ஹெட்போன்மேல் போயிற்று.

"நீர் வாங்கினது அடைச்ச சாமான். இதிலை வெளிச்சத்தம் வராது. பின்பக்கம் வலை அடிச்ச மாதிரி திறந்த ஹெட்போன் எண்டு ஒண்டு இருக்கு. அதைப் போட்டால் சத்தம் உள்ளையும் வரும், வெளியையும் போகும். வீணை எங்கை இருக்கு, மிருதங்கம் எங்கை இருக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்."

"அது எங்க கெடைக்கும் டாக்டர்?"

"கொழும்பிலை கிடைக்கும். விலைதான் கொஞ்சம் கூட. மலிஞ்சதும் இருக்கு, தேட வேணும்."

பிறகு அரை மணி நேரம் தன்னுடைய ஹெட்போனைப் பற்றிச் சொன்னார். அதன் பஞ்சு, அதன் எடை, அதில் கேட்ட ஒரு கச்சேரி. பையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டிப் போனவரை நான்தான் கூப்பிட்டு, "டாக்டர், அப்பாவுக்குப் பிரஷர் பாக்கலியே" என்று நினைவுபடுத்தினேன்.

அன்று தொடங்கியது என் அலைச்சல். சனிக்கிழமை சனிக்கிழமையாக, பசறை வழியாகப் பதுளைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். வளைவு வளைவாக ஒன்றரை மணி நேரம், வாந்தி எடுக்கிற ஒரு குழந்தை எப்போதும் எனக்கு முன் சீட்டில். காதுக்குள் செருகுகிற சின்ன வகை எனக்கு ஆகாது. சிறு வயதிலிருந்தே வலது காதில் சீழ் வரும் எனக்கு. வாக்மேனோடு வருகிற பஞ்சு வைத்தது ஒன்றை வாங்கிப் பார்த்தேன். வெளிச் சத்தம் நன்றாகத்தான் கேட்டது. உள்சத்தம்தான் தகர டப்பாவுக்குள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. எதிரி இடமா வலமா என்று தெரியாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செத்தேன். பழைய கிண்ணத்தையே ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு விளையாடினேன். அந்தப் பக்கமிருந்து வந்தவனைச் சுட்டேன், மற்றப் பக்கமிருந்து வந்தவன் என்னைச் சுட்டான்.

பண்டாரவளைக்கும் போனேன். அங்கே ஒருவர் ஒரு புத்தகத்தை விரித்து, நான் கேட்ட மாதிரியே ஒன்றின் படத்தைக் காட்டினார். அழகான படம். "இதுதான் வேணும்" என்றேன். "படம் மட்டுந்தாங்க இருக்கு" என்றார். விலையைக் கேட்டேன். என் ஒரு மாதச் சம்பளத்தைச் சொன்னார். படத்தை மட்டுமாவது கிழித்துத் தருவாரா என்று கேட்கலாம்போல் இருந்தது.

பதுளையில் அந்த ஒரு கடைக்குத்தான் திரும்பத் திரும்பப் போனேன். கடைக்காரர் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் படிக்கிறார்கள் என்பது மூன்றாவது தடவை போனபோது தெரியவந்தது. அதோடு தங்கச்சி போய் டீச்சர் ஆனேன். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். பழையபடி அடைத்த ஹெட்போன்களை வரிசையாக அடுக்கினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே," என்றேன். "எனக்கு நல்ல சாமான் வேணாம். சத்தம் வெளிய போற சாமான் வேணும். வெளிச் சத்தம் உள்ள வர்ற சாமான் வேணும். பின்பக்கம் வலை மாதிரி ஓட்ட ஓட்டயா இருக்கும். அப்புடி ஒண்ணு ஒங்க வாழ்க்கையில பாத்திருக்கீங்களா, இல்லையா?"

அவர் முகம் மாறியது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஏதோ தப்பை ஒத்துக்கொள்கிறவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கெடக்கு டீச்சர். ஆனா பழுது. கொண்டுபோனவரு மறுநாளே கொண்டாந்து போட்டுட்டாரு, சத்தமெல்லாம் வெளிய ஓடுதுன்னு. அத எப்புடி நான் ஒங்களுக்குக் காட்றது?"

எடுத்து வைத்தார். பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை. அதன் ஊடாக வெளிச்சம் தெரிந்தது. முதல் நாளிலிருந்து, நான் வந்துபோன ஒவ்வொரு சனிக்கிழமையும், அது என் முழங்காலிலிருந்து இரண்டடி தூரத்தில் கிடந்திருக்கிறது! விலையும் நான் பயந்த விலை இல்லை. பழுது என்பதால் கிட்டத்தட்டச் சும்மா.

"இதேதான் அண்ணே! இப்பவே குடுங்க!"

"ஐயோ, இப்புடியே குடுக்க மாட்டேன். வயர் கொஞ்சம் லூசா இருக்கு. அடுத்த சனிக்கெழமை வாங்க, சரி பண்ணி வைக்கிறேன். நம்ம புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்குறவங்க நீங்க."

வயர் உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன். கடைக்காரர் புது மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வரவேற்றார். ஹெட்போனை ஒரு துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் திருப்பிப் பார்த்தேன். வலையைக் காணோம். வலை இருந்த இடத்தில் உள்ளே பஞ்சு திணித்து, மேலே கறுப்பு ரெக்சின் வெட்டி ஒட்டி, ஓரத்தைப் பிசிறில்லாமல் பசை போட்டு அடைத்திருந்தார். சப்பாத்துத் தைக்கிறவர்கூட அவ்வளவு நேர்த்தியாக ஒட்ட மாட்டார்.

"ரெண்டு நாள் வேல டீச்சர். இப்ப ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வராது."

கடையில் நான் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. உட்கார்ந்துவிட்டேன் என்பது நினைவிருக்கிறது. அவர் இன்னொரு பிளேன்டீ வரவழைத்தார். இதில்தான் எனக்குத் தாங்கவே முடியாத கோபம்: அந்த மனிதர்மேல் கோபப்பட இடமே இல்லை. ஏமாற்ற நினைத்திருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே ஓட்டையை என் தலையில் கட்டியிருப்பார், நானும் சந்தோஷமாகப் போயிருப்பேன். டீச்சருக்குப் பழுதான சாமானை விற்றோம் என்று ஊரில் நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அந்த மரியாதைதான் பஞ்சாகவும் பசையாகவும் என் கையில் இருந்தது. எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் பிரியம் வைத்துவிட்டால் அவர் கேட்டதைக் கொடுக்க மாட்டார்கள். அவருக்கு எது நல்லது என்று தாங்களே முடிவு செய்து, அதைத்தான் கொடுப்பார்கள்.

அப்பாவின் கதையைச் சொன்னேன். விழுந்ததையும் சொன்னேன். அவர் ஒரு சின்னக் கத்தியை எடுத்து, தான் இரண்டு நாள் செய்த வேலையைத் தானே பிரித்தார். ஒவ்வொரு துண்டாக உரித்தெடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. வலது பக்க வலையில் கொஞ்சம் பசை கடைசிவரை போகவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் ஒரு மட்டு மந்தமாகத்தான் கேட்டது.

திரும்பும் வழியில் இராணுவத்தார் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அது வழக்கம். என் பையில் வயரைக் கண்டதும் சிப்பாய்ப் பையன் முழித்தான். என்ன என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். தன் கைபேசியை எடுத்து அதில் செருகிப் பாட்டுப் போட்டு, ஹெட்போனை மாட்டிப் பார்த்தான். உடனே கழற்றித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் நிஜமான அக்கறை.

"மிஸ், இது பழுது. சத்தம் வெளியே வருகிறது. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று தன் மொழியில் சொன்னான்.

நன்றி சொல்லிவிட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவைச் சோதனைக்கு உட்படுத்தினேன். கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "தட்டுங்கப்பா" என்றேன். டம்ளர் கணீரென்றது. சண்டை நடக்கும்போது தட்டச் சொன்னேன். கேட்டது. "மெதுவா" என்றேன். அதுவும் கேட்டது. "பெரட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிங்கப்பா" என்றேன். அவர் அடித்த அடியில் டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். நோயில் விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஓட்டையத்தான் தேடித் தேடி வாங்கிட்டு வந்தியா?" என்று அம்மா ஹெட்போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். அதற்கும் ஒரு உறை தைக்க அளவெடுத்தார். கும்பிட்டுக் கேட்டுத் தடுத்தேன்.

சுவருக்கு மேலிருந்து மட்டும் ஒரு சின்ன முறைப்பாடு. "டீச்சர், கொசு மாதிரி என்னமோ கேக்குது."

"சத்தத்தக் கொறச்சுட்டேன் அண்ணே, தூங்குங்க."

சில வாரங்கள் நன்றாகப் போயின. அப்பா தட்டினார், நான் எழுந்து போனேன், வந்தேன், விளையாடினேன். பாட்டும் கேட்டேன். காதில் பாட்டு, கூரையில் மழை, கீழே கோழி, எல்லாம் ஒன்றாக. அடைத்த கிண்ணத்தில் கிடைக்காத சுகம் அது. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். விளையாட்டில் ஓர் இடிந்த சுவருக்குப் பின்னால் பதுங்கி, அசையாமல் காத்திருந்தேன். காதில் காற்றுச் சத்தம் மட்டும். அப்போது கட்டில் கிரீச்சிட்டது. டம்ளர் இல்லை, கட்டில். அப்பா திரும்பிப் படுக்கிறார் என்று நினைத்தேன். மறுபடி கிரீச், மெதுவாக, யாருக்கும் தெரியக்கூடாது என்கிற மாதிரி. பிறகு மூச்சை அடக்கி விடுகிற ஒரு சத்தம்.

திரும்பினேன். அப்பாவின் இடது கையில் கரண்டி இருந்தது. டம்ளர் ஒரு விரற்கடை தூரத்தில். அவர் தட்டவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே கையை ஊன்றி, தானாக எழும்பிப் போத்தலை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியாமல் சாரம் நனைந்துவிட்டிருந்தது. உடம்பு கட்டில் ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் விழுந்திருப்பார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்தபடியே கத்தினேன். "ஏம்பா தட்டல? கையில கரண்டி இருக்கு, டம்ளர் இருக்கு, ஏன் தட்டல?"

அவர் கரண்டியை உயர்த்தி கம்ப்யூட்டரைக் காட்டினார். பிறகு அந்தக் கரண்டியாலேயே, போ, போய் விளையாடு என்கிற மாதிரி இரண்டு தடவை காற்றில் அசைத்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாதக்கணக்கான சனிக்கிழமைகள், பசறை வளைவுகள், வாந்தி எடுத்த குழந்தைகள், பஞ்சும் பசையும், எல்லாம் இந்த மனிதர் தட்டுகிற சத்தத்துக்காக. இவரோ வேண்டுமென்றே தட்டவில்லை!

என் கத்தலில் பக்கத்துக் காம்பராக்காரர் எழுந்துவிட்டார். "என்னா டீச்சர், அப்பாவுக்கு என்னாச்சு?"

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பூனை நடந்தாலும் எழுகிற ஆள். கொசு மாதிரிச் சத்தத்துக்கே முறைப்பாடு சொல்கிற ஆள்.

"அண்ணே," என்றேன் சுவரைப் பார்த்து. "முன்ன அப்பா கட்டில்லேருந்து விழுந்தாரே, அன்னிக்கு டம்ளர் சத்தம் கேட்டுச்சா ஒங்களுக்கு?"

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது.

"இல்லீங்களே டீச்சர். கேட்டிருந்தா ஒங்களுக்குச் சத்தம் குடுத்திருப்பேனே. அன்னிக்கு நல்லா தூங்கிட்டேன்."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தரையில் கிடந்தபோது பார்த்த அதே பார்வை. அன்றும் அவர் தட்டியிருக்கவில்லை.

சாரம் மாற்றினேன். துடைத்தேன். விரிப்பு மாற்றினேன். அழுதுகொண்டுதான் செய்தேன், திட்டிக்கொண்டும் செய்தேன். எல்லாம் முடிந்து நான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தபோது, அவர் மறுபடியும் கரண்டியால் கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையில் நான் செத்துக் கிடந்தேன். நான் எழும்பவில்லை. அவர் விடவில்லை. முகம் சுருங்க, பிடிவாதமாக, காட்டிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போகும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டரின் சத்தத்தை ஒன்றுமில்லாமல் குறைத்துவிட்டு விளையாடினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்பா இருந்தார். அந்த மத்தியானங்களில் எதிரிகள் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு நாளும் செத்தேன். கட்டில் கிரீச்சிட்டால் மட்டும் எழுந்து போவேன். ஹெட்போனை ஒருநாளும் கழற்றி வைக்கவில்லை. கழற்றினால் அவர் முகம் வாடிவிடும்.